புது ரேமுக்கு ஓர் இலை

கோமதிநாயகத்தின் முகம் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் ஊரார் முகத்தையெல்லாம் உள்ளே இறக்கி, பருவை எடுத்து, கொஞ்சம் வெளுப்பாக்கித் திருப்பிக் கொடுப்பது வழக்கம்தான். அதுவரை வாடிக்கையாளர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பழைய வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். கண் இல்லாமல் எப்படிப் புரட்டுவார்கள் என்று கேட்காதீர்கள். அந்தப் பத்திரிகைகளை அப்படித்தான் புரட்ட முடியும்.

அன்றைய சிக்கல், உள்ளே போனது அவனுடைய சொந்த முகம் என்பதுதான். அம்பாசமுத்திரத்தில் அவன் மகள் காந்திமதி படிக்கிற பாலர் பள்ளியில் ஒரு சட்டம் உண்டு. பிள்ளையை அழைத்துப் போக வருகிறவரின் படத்தைக் கேட்டில் ஒட்டியிருப்பார்கள். வந்த முகமும் ஒட்டிய படமும் ஒத்துப்போனால்தான் பிள்ளை கைக்கு வரும். கோமதிநாயகத்தின் படம் வெயிலில் வெளிறிப்போய், இருக்கிறாரா இல்லையா என்று சந்தேகம் வரும் நிலைக்கு வந்திருந்தது. புதிதாக ஒன்று போட்டுவிடலாம் என்று காலையில் முகத்தை உள்ளே இறக்கினான்.

இடது கன்னம் முடிந்தது. வலது கன்னத்துக்கு வந்தபோது கம்ப்யூட்டர் திணறியது. மெமரி பத்தவில்லை. கோமதிநாயகம் ஒரு வேலையைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை. பாதியில் இன்னொரு வேலையை ஆரம்பிக்கிற ஆள். எதிர்க் கடைக்குப் போய்ப் புது ரேம் ஒன்று வாங்கி வந்தான். ரேம் என்பது முக்கால் சாண் நீளப் பச்சைப் பட்டை. கம்ப்யூட்டர் ஒரே சமயத்தில் எத்தனை விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளும் என்பது அதைப் பொறுத்தது. மிஷினை அணைத்து, மூடியைக் கழற்றி, பழைய ரேமுக்குப் பக்கத்து இடத்தில் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினான். மூடினான். பட்டனை அமுக்கினான்.

திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் செருமினார்கள்.

சாயந்தரம் பள்ளி விட்டுவிடும். மனைவி பயிற்சி வகுப்புக்குத் தூத்துக்குடி போயிருந்தாள். முகம் இல்லாமல் போய் நின்றால் ஆயா எஸ்தர் பிள்ளையைத் தரமாட்டாள். அதைக்கூடக் கெஞ்சிச் சரிக்கட்டிவிடலாம். காந்திமதியே அவனைப் பார்த்துவிட்டு, யாரோ என்று திரும்பிப் போய்விட்டால்? அதை நினைத்ததும் அவனுக்கு வயிற்றைக் கலக்கியது. நல்ல வேளை, வயிறு வெளியே இருந்தது.

மெக்கானிக் ரசாக்கை அழைத்தான். ரசாக் உடனே வந்து முக்காலியில் உட்கார்ந்து, அங்கிருந்தபடியே கோமதிநாயகத்துக்குப் போன் போட்டார். நேரில் பேசினால் கம்ப்யூட்டர் ஒட்டுக்கேட்கும் என்பது அவர் கட்சி. கரண்டு வருகிறதா என்று கேட்டார். வருகிறது. ஒயர் இறுக்கமாக இருக்கிறதா என்றார். இருக்கிறது. ரேமைக் கழற்றி, அதன் ஓரத்திலுள்ள உலோகப் பல்லை அழி ரப்பரால் தேய்த்து மாட்டச் சொன்னார். கோமதிநாயகம் பழையதையும் புதியதையும் பளபளவென்று தேய்த்து மாட்டினான். பெட்டி செருமியது. இந்த முறை செருமலில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

"புதுசா என்ன போட்டிய?" என்றார் ரசாக்.

"ரேம்."

"அப்ப அதத்தான் எடுக்கணும். புதுசா வந்தத வெளிய எடுத்துட்டு ஆன் பண்ணுங்க. ஓடும்."

ரசாக் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். கோமதிநாயகம் மூடியைத் திறந்தான். கை போதவில்லை. தோள்வரை விட்டும் ரேம் எட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

உள்ளே ரேழிபோல ஒரு நடை இருந்தது. நடக்க நடக்க நீண்டது. நின்றால் அதுவும் நின்றது. சுவர் நெடுகிலும் அவன் இதுவரை வெளுப்பாக்கிய முகங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. சில முகங்கள் அவனைப் பார்த்து, நல்லா இருக்கியளா என்று விசாரித்தன. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் முகம், தன் மச்சத்தை எங்கே வைத்தாய் என்று கேட்டது. தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தான். நடை இன்னும் நீண்டது. சலித்துப்போய்த் திரும்பி நடந்தான். உடனே ஒரு கல்யாண மண்டபம் வந்துவிட்டது.

வாசலில் பன்னீர் தெளிக்கிறவர் நின்றார்.

"மாப்பிள்ள வீடா, பொண்ணு வீடா?"

"ஸ்டுடியோ வச்சிருக்கேன்."

"அப்ப விருந்து வைக்கிறது நீங்கதானா? இவ்ளோ நேரமா எங்க போனிய? பந்தில உக்காந்து காத்துக் கெடக்காவ."

மண்டபத்தின் தரை முழுக்கப் பச்சை. அதன்மேல் பந்திப் பாய் விரித்து வாழையிலை போட்டிருந்தார்கள். பெரிய கூட்டம் இல்லை. நடுவில் ஒரு பெரியவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே மட்டும் ஒரு மின்விசிறி தலைதெறிக்கச் சுழன்றது. மிஷினின் கணக்கையெல்லாம் அவர்தான் போடுகிறவர் என்பது பார்த்ததுமே தெரிந்தது. அவருக்கு வலப்பக்கம் பழைய ரேம், தொந்தியும் துண்டுமாக. ரப்பரால் தேய்த்ததில் பல் கூசுகிறது என்று முனகிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் புது ரேம். ஒல்லியான இளைஞன். வேட்டியில் கடைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. முழங்காலை ஒடுக்கி, அடுத்தவர் மேல் படாமல் உட்கார்ந்திருந்தான்.

இலையில் எல்லாம் பரிமாறியாகிவிட்டது. சோறு, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். தேங்காய்ப்பால் சொதி வாளியைத் தூக்கிக்கொண்டு சமையல்காரர் நின்றார். மிஷினுக்குள் கரண்டு பரிமாறுகிறவர் அவர். ஆனால் ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை. பெரியவர் செருமினார். அந்தச் சத்தம்தான் வெளியே கேட்டிருக்கிறது.

கோமதிநாயகம் சமையல்காரரைத் தனியே இழுத்து விசாரித்தான். விஷயம் எளிமையானது. வந்திருப்பது புது ஆள், புது ஆள் கை வைத்த பிறகுதான் நாம் சாப்பிட வேண்டும், அதுதான் மரியாதை என்று பெரியவர் காத்திருக்கிறார். பெரியவர் கை வைக்கட்டும், சின்னப் பையன் முந்திக்கொள்ளக் கூடாது என்று புது ரேம் காத்திருக்கிறான். இருவரில் யார் முந்தினாலும் தனக்கு மரியாதை இல்லை என்று பழைய ரேம் காத்திருக்கிறார். யாராவது சோற்றைக் குழித்தால்தானே சொதி ஊற்ற முடியும் என்று சமையல்காரரும் காத்திருக்கிறார். எல்லாரும் நல்ல பழக்கமுள்ளவர்கள். அதனால் மிஷின் ஓடவில்லை.

கோமதிநாயகம் தன்னால் ஆனதைச் செய்தான். பெரியவரிடம் குனிந்து, சாப்பிடுங்க என்றான். பெரியவர் புது ஆளைக் காட்டினார். புது ஆளிடம் போனான். அவன் பெரியவரைக் காட்டினான். இருவருக்கும் நடுவே நின்று பொதுவாகச் சொன்னான். இருவரும் பொதுவாகத் தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்தார்கள். ஒரு அப்பளம் வைத்துப் பார்த்தான். உப்பு வைத்துப் பார்த்தான். பந்தியில் மெச்சுகிற முணுமுணுப்பு எழுந்தது.

"எத்தனையோ வீட்ல கை நனைச்சிருக்கேன். இப்படி முகம் சுளிக்காம உபசரிக்கிற ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார் பெரியவர்.

அந்த முகம் சமையல்கட்டுக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. கோமதிநாயகம் அதை அப்போதுதான் பார்த்தான். இடப் பக்கம் நல்ல சிவப்பு, வலப் பக்கம் அவன் நிறம். ஈரம் இன்னும் காயவில்லை. தன் முகம் இவ்வளவு அப்பாவியானது என்று அவனுக்கு இதுவரை தெரியாது. எட்டி எடுக்கப் போனான். சமையல்காரர் கரண்டியைக் குறுக்கே நீட்டினார். பந்தி முடிந்து இலை மடக்கினால்தான் உள்ளே இருப்பது எதுவும் வெளியே போகும் என்றார். கறாரான மனிதர்.

அப்படியானால் நானே முதலில் சாப்பிட்டுத் தொடங்கி வைக்கிறேன் என்றான் கோமதிநாயகம். விருந்து வைக்கிறவன் விருந்தாளிக்கு முன்னால் சாப்பிடுவதா என்று பந்தி திகைத்தது. வெட்கத்தைப் பார்த்தால் நடக்குமா? ஓர் இலை முன்னால் உட்கார்ந்து சோற்றை உருட்டி எடுத்துவிட்டான். எடுத்த உருண்டையை எங்கே போடுவது என்று தெரியவில்லை. வாய் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. உருண்டையை மெதுவாக இலையிலேயே திருப்பி வைத்தான். பார்க்காததுபோல எல்லாரும் விட்டத்தைப் பார்த்தார்கள்.

சட்டைப் பையில் போன் அடித்தது. ரசாக்.

"எடுத்தாச்சா?"

"இல்ல."

"எடுங்க அண்ணாச்சி. புதுச எடுத்தா மத்தவங்க சாப்பிட ஆரம்பிச்சிருவாங்க. அவ்ளோதான் வேலை."

அவர் சொன்னது சரி என்று கோமதிநாயகத்துக்குத் தெரியும். புது ரேமுக்கும் தெரிந்துவிட்டது. போனில் பேசுவது அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்கும். இளைஞன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கையைத் தரையில் ஊன்றினான்.

"நான் வேணா எந்திரிக்கேன் அண்ணாச்சி. அடுத்த பந்தில உக்காந்துக்கிடுதேன். எனக்குப் பசியே இல்ல."

சொல்லும்போது இலையைப் பார்த்தான். பசி இல்லாதவன் பார்க்கிற பார்வை இல்லை அது. அந்தப் பார்வை கோமதிநாயகத்துக்குத் தெரியும். பத்து வயதில் கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணம். சோற்றைப் பிசைந்துவிட்டான். மாப்பிள்ளையின் மேலதிகாரி வந்துவிட்டார் என்று யாரோ ஒருவர் அவன் அக்குளில் கைவிட்டுத் தூக்கி நிறுத்தினார். பிசைந்த கையோடு கைகழுவுகிற இடம்வரை நடந்தான். மண்டபமே தன்னைப் பார்க்கிறது என்று நினைத்தான். ஒருவரும் பார்க்கவில்லை, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதுதான் அவனுக்கு இன்றுவரை ஆறவில்லை.

கொடியில் முகம் லேசாக ஆடியது. வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருக்கும். பிள்ளைகள் தண்ணீர்ப் பாட்டிலை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள்.

கோமதிநாயகம் இளைஞனின் தோளில் கையை வைத்து அழுத்தினான். 'டக்' என்று சத்தம் வந்தது.

"உக்காருங்க தம்பி. இலைல உக்காந்தவுகள எந்திரிக்கச் சொல்லுத வழக்கம் நம்ம கடையில இல்ல. பையப் பையச் சாப்பிடுங்க."

அவன் உட்கார்ந்தான். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை. பெரியவர் செருமினார். சமையல்காரர் வாளியைக் கை மாற்றிக்கொண்டார். கோமதிநாயகம் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கொடிப் பக்கம் திரும்பாமல் வெளியே வந்தான். திரும்பினால் மனசு மாறிவிடும் என்று பயமாக இருந்தது. வரும்போது நடை இரண்டே எட்டில் முடிந்துவிட்டது. குமாஸ்தா மட்டும் மச்சத்தைப் பற்றி ஞாபகப்படுத்தினார்.

ரசாக் முக்காலியில் இருந்தார். வெறுங்கையோடு வந்தவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனிலேயே கேட்டார்.

"புதுசு?"

"இலைல உக்காந்துட்டாரு."

ரசாக் போனை வைத்தார். பிறகு முதல்முறையாக நேரில் பேசினார். "அப்ப ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கோமதிநாயகம் பள்ளிக்கு நடந்தான். வழியில் எதிர்ப்பட்டவர்கள் வணக்கம் வைத்தார்கள். டீக்கடைக்காரர், என்ன அண்ணாச்சி ஒரு மாதிரி இருக்கிய, காய்ச்சலா என்று விசாரித்தார். வேலை ஜாஸ்தி என்று சொல்லி நகர்ந்தான். பேங்கில் பணம் கேட்கப் போகிறவன்போல ஒவ்வொரு திருப்பத்திலும் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தான். ஒன்றும் தேறவில்லை.

கேட்டில் எஸ்தர் நின்றாள். நல்ல மனுஷி, ஆனால் சட்டம் என்றால் சட்டம். வெளிறிய படத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள். படத்திலாவது மூக்கு இருந்தது.

"முகம் இல்லாம எப்படி சார் பிள்ளையக் குடுக்கது? நாளைக்கு என்னையத்தான கேப்பாவ."

ரேம், பந்தி, சொதி என்று அவன் விளக்க ஆரம்பித்தான். எஸ்தர் பொறுமையாகக் கேட்டாள். இலையில் உட்கார்ந்தவரை எழுப்பாதது சரிதான் என்று ஒப்புக்கொண்டாள். அதற்காகப் பிள்ளையைத் தர முடியாது என்றும் சொன்னாள். கடைசியில் அவன் கேட்டுக்கொண்டதற்காக உள்ளே போய்க் காந்திமதியைக் கூட்டிவந்தாள்.

காந்திமதி ஒரு காலில் காலுறை இறங்கிப்போய், கன்னத்தில் கிரேயான் தீற்றலோடு வந்தாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தாள். கோமதிநாயகம் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். சிரிக்கலாம் என்றால் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

"இது யாரு பாப்பா?" என்றாள் எஸ்தர்.

"அப்பா."

"முகத்தக் காணோமே?"

காந்திமதி நன்றாக யோசித்தாள். "வீட்ல கெடக்கும்" என்றாள்.

எஸ்தர் கேட்டைத் திறந்தாள். காந்திமதி தண்ணீர்ப் பாட்டிலை அவன் சுண்டுவிரலில் மாட்டினாள், பையை மணிக்கட்டில் மாட்டினாள். ஏன் இவ்வளவு நேரம் என்று அதட்டினாள். கால் வலிக்கிறது என்று இரண்டு கையையும் தூக்கினாள். அவன் அள்ளி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். அவள் வழக்கம்போல முகத்தை அவன் கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள்.

"குத்துதுப்பா" என்றாள்.

காலையில் சவரம் செய்ய மறந்தது கோமதிநாயகத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.