நவம்பரில் அடித்த பலகைகள்

சேம்பங்கிழங்கைச் சீவிக்கொண்டிருந்த லூப்பே, சுவரில் ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

அப்பா ஃபினேயாசி விடிகாலையில் இறந்திருந்தார். உடலருகே உட்காருவது அவருடைய அக்காவின் உரிமை. பெற்ற பிள்ளைகளின் இடம் அடுப்படி. டோங்காவில் சாவு வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம்.

அத்தை மகன் கிலிஃபி கடல் பக்கத்து ஜன்னலில் கடப்பாரையோடு நின்றான். ஜன்னல்களை மூடிய நான்கு பலகைகளிலும் அப்பா எண் எழுதியிருந்தார். ஈரப்பலா கொத்துக் கொத்தாகக் காய்த்ததைப் பார்த்து, பெரும்புயல் வரும் என்று நவம்பரில் அடித்தவை. நவம்பரில் தொடங்கும் புயல் பருவம் ஏப்ரலோடு முடிந்துவிடும்; அதற்கு இன்னும் பத்து நாள். ஒரு புயல்கூட எட்டிப் பார்க்கவில்லை. அப்பாவுக்காக ஒரு சின்னப் புயலாவது வரட்டும் என்று லூப்பே பிப்ரவரியில் வேண்டிக்கொண்டதுகூட உண்டு.

“பலகை ஏத்திட்டுக் கப்பல் வர மூணு நாளாகும். சவப்பெட்டிக்கு இதை எடுக்கச் சொல்லிட்டாங்க அம்மா. மாமாவோட புயலத்தான் காணோமே!”

துக்கத்துக்காக இடுப்பில் கட்டிய கிழிசல் பாய் தரையில் உரச, லூப்பே முன்வாசலுக்குப் போனாள். நிலைப்படிக்கு வெளியே உட்கார்ந்தாள்.

“அத்தை, பலகைய எடுக்க வேணாம்.”

உள்ளே உடலைச் சுற்றிப் பாடிக்கொண்டிருந்த துக்கப் பாட்டு நின்றது. அத்தை லாவினியா திரும்பினாள்.

“அடுப்படியில இருக்க வேண்டியவ இங்க என்னடி பேசுற?”

“ஏப்ரல் முடியட்டும்னு அப்பா சொல்லியிருக்காரு.”

“ஆறு மாசமா பகல்லயே விளக்கேத்துனது போதாதா? ஊரே சிரிக்குது.”

“சிரிக்கட்டும் அத்தை. முப்பதாம் தேதி வரைக்கும் சிரிக்கட்டும்.”

 

“அப்ப என் தம்பிய எதுல வைக்கிறது?”

“அவரு கட்டில்ல. அதுவும் நல்ல பலகைதான்.”

அத்தை தம்பியின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். “கேட்டியாடா? செத்தும் நீயே ஜெயிச்சுட்ட.” பிறகு வெளியே பார்த்துக் கத்தினாள். “கிலிஃபி, அதை விடு. கட்டிலப் பிரி!”

மே முதல் தேதி காலையில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. லூப்பே ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கினாள். நான்காவது பலகை இறங்கியதும் வெயில் அறைக்குள் போய், கட்டில் கால்கள் தரையில் விட்டிருந்த தடங்கள்மேல் விழுந்தது. பலகைகளை வரிசைப்படி பரணில் அடுக்கினாள். வாசலில் உட்கார்ந்து, வளைந்த ஆணிகளை ஒவ்வொன்றாகக் கல்லில் தட்டி நிமிர்த்தி அப்பாவின் டப்பாவில் போட்டாள். நவம்பருக்கு.