கூப்பிட்டானா இல்லையா

லோர்ன் பிலாக்கைக் கௌரவிக்க அவன் ஆடிய இருபத்தேழாம் எண் சட்டையை ஊர் ஐஸ் அரங்கின் கூரைக்கு ஏற்றப்போகிற சனிக்கிழமை மதியம், அதற்கான கயிற்றைக் கப்பியில் மாட்டிக்கொண்டிருந்தவன் வாசில் டிக்கா. வெல்ஸ்டனில் வேறு ஆளே இல்லையா என்று லோர்ன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இல்லைதான். ஐஸ் போடுவது, விளக்கு மாற்றுவது, கழிப்பறை கழுவுவது எல்லாம் முப்பது வருடமாக வாசில்தான்.

"வந்துட்டாருய்யா பெரிய மனுசன்," என்றான் வாசில், ஏணியிலிருந்து இறங்காமலே.

"வேலையைப் பாருடா."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். உன் சட்டையைத் தூக்கவும் நான்தான் வேண்டியிருக்கு. மைக்ல பேசுவேல்ல, ஒரு வார்த்தை சொல்லிடு. வாசில் கூப்பிட்டான்னு."

"நீ கூப்பிடல. கூப்பிட்டிருந்தா விட்டிருப்பேன். இத்தனை வருசமா இதே பாட்டு, உனக்கே சலிக்கலையா?"

"உனக்குச் சலிச்சா உண்மையைச் சொல்லித் தொலை."

இருவரும் இதே ஊர்க்காரர்கள். ஒரே பெரிய அணியில் சம்பளத்துக்கு ஐஸ் ஹாக்கி ஆடியவர்கள். லோர்ன் தடுப்பாட்டக்காரன், வாசில் கோலைக் காக்கும் கோலி. கோப்பை யாருக்கு என்று முடிவாகும் ஏழாவது ஆட்டம், கடைசி நிமிடம். பந்துக்குப் பதிலாக அடித்தாடும் ரப்பர் வில்லை அவர்கள் கோலுக்குப் பின்னால் வழுக்கிப் போனது. லோர்ன் சுவரைப் பார்த்தபடி அதன் பின்னால் பாய்ந்தான். கோலி வெளியே வந்து எடுப்பதானால் "விடு" என்று கத்துவான். முதுகு காட்டி ஓடுகிறவன் அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஒதுங்குவான். லோர்ன் ஒதுங்கவில்லை. இருவரும் மோதி விழுந்தார்கள். ஆளில்லாத கோலுக்குள் எதிரணிக்காரன் சாவகாசமாகத் தட்டிவிட்டான்.

நிருபர்கள் சூழ்ந்துகொண்டபோது "அவன் கூப்பிடல" என்றான் லோர்ன். அதோடு வாசிலின் பிழைப்பு போயிற்று. அதன்பிறகு எந்தப் பெரிய அணியும் அவனைச் சீந்தவில்லை. லோர்ன் இன்னும் ஒன்பது வருடம் ஆடினான், பதினோரு பல்லை இழந்தான், ஏரிக்கரையில் வீடு கட்டினான்.

உண்மை என்னவென்றால், வாசில் கூப்பிட்டானா இல்லையா என்று லோர்னுக்குத் தெரியாது. அந்த ஆட்டத்துக்கு முந்தைய நவம்பரில் வில்லை தலைக்கவசத்தில் அடித்து அவன் இடது காது செத்துப்போயிருந்தது. கோடையில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்ததால் மூச்சு விடவில்லை. பிறகும் விடவில்லை. இடப்பக்கம் நின்று பேசினால் அவன் பதில் சொல்லாததைத் திமிர் என்று ஊர் நினைத்தது, மனைவியும் நினைத்தாள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான். இதற்குக் கோழைத்தனம் என்றுதான் பெயர். முகமெல்லாம் தையல் போட்டவனை அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

மூன்று மணிக்கு ஐஸ் மேல் கார்ப்பெட் விரித்தார்கள். நானூறு பேர் எழுந்து நின்று விடாமல் கைதட்டினார்கள். விழாக் குழுவின் டார்லீன் கயிற்றை அவன் கையில் கொடுத்து, "நீங்களே இழுங்க லோர்ன்," என்றாள். வாசில் அவனுக்கு இடப்பக்கம், பின்னால், கூரையைப் பார்த்தபடி நின்றான்.

சட்டை பாதி தூரம் நன்றாகத்தான் ஏறியது. திடீரென்று கயிறு இறுகியது. வாசில் கடைசியில் தன் புத்தியைக் காட்டிவிட்டான் என்று லோர்னுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். இன்னும் பலமாக இழுத்தான். விளக்குக் கொக்கியில் மாட்டியிருந்த சட்டைக் கை, தோளோடு கிழிந்து தொங்கியது.

அப்போதுதான் திரும்பினான். யாரும் சட்டையைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டார்லீன் வாயைப் பொத்தியிருந்தாள். நாலடி தள்ளி நின்ற வாசிலின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

லோர்ன் மைக்கை எடுத்தான்.

"வாசில், இப்ப எத்தனை தடவை விடுன்னு கத்தின?"

"மூணு."

"எனக்கு ஒண்ணுகூடக் கேக்கல. இந்தக் காது போய் முப்பத்தோரு வருசமாச்சு." இடது காதைத் தொட்டுக் காட்டினான். "அன்னைக்கு?"

வாசில் கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவசரப்படவில்லை.

"அன்னைக்கும் மூணுதான்."

லோர்ன் கையை நீட்டினான். வாசில் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. சுற்றிக்கொண்டு அவனுடைய வலப்பக்கம் வந்து நின்றான்.

"ஐஸை விட்டு இறங்கு," என்றான். "அஞ்சு மணிக்கு ஆட்டம் இருக்கு. நான் ஐஸ் போடணும்."