ஈரம் நுழையாத அறை

அந்த மே மாதம் தெனாலியில் நிழலே நிழல் தேடி அலைந்தது. சேஷாரத்னத்துக்கு வெயில்மேல் புகார் இல்லை. ஆவக்காய் ஊறுகாய் போடுகிறவளுக்கு வெயில்தான் கூட்டாளி. புகாரெல்லாம் முதுகின்மேல்தான். இருபத்துமூன்று கோடையாக ஜாடிகளுக்குக் குனிந்த முதுகு, இனி மனு கொடுத்தால்தான் நிமிரும் போலிருந்தது.

அவள் ஊறுகாய்க்குப் பெயர் சும்மா வரவில்லை. மாங்காய்த் துண்டு ஒவ்வொன்றிலும் கொட்டையின் ஓடு ஒட்டியிருக்க வேண்டும். ஓடில்லாத துண்டு குழைந்துவிடும். ஒவ்வொரு துண்டையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பெற்ற பிள்ளையைத் துவட்டும் தாய்கூடக் காதுமடலை மறந்துவிடுவாள், ரத்னம் மறக்கமாட்டாள். ஊறுகாய் அறைக்குள் ஈரத்தலை கூடாது, ஈரப்புடவை கூடாது, கண்ணீரும் கூடாது. ஒருமுறை சொந்தத்தில் சாவுச் சேதி வந்தபோது, வேலை செய்த பெண்களை வாசலுக்குத் துரத்தி, "அழுது முடிச்சு மூஞ்சத் தொடச்சுட்டு வாங்கடி" என்றவள் அவள்.

ஈரத்தோடு நுழைந்தவளுக்குத் தண்டனை உண்டு. அந்தக் கோடை முழுக்க வாசற்படி தாண்டக் கூடாது. வெளியே உட்கார்ந்து பூண்டு உரிக்க வேண்டும். போன வருஷம் போலம்மா, வளையலுக்கடியில் இரண்டு சொட்டுத் தண்ணீரோடு வந்துவிட்டாள். நாற்பது நாள் உரித்தாள். அவள் தெருவில் நடந்தால் எதிர்ச்சாரியில் போகிற எருமை தும்மியது.

அன்று மூன்றாம் நாள். உப்பும் காரமும் எண்ணெயும் துண்டுக்குள் இறங்கியபின் ஜாடியைத் திறந்து அடிமேலாகக் கலக்கி, சூடான சோற்றில் பிசைந்து ருசி பார்க்கும் நாள். இருபது ஜாடி. சாயங்காலத்துக்குள் பொட்டலமாகி, அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளின் பெட்டிகளில் ஏற வேண்டும்.

மூன்றாவது ஜாடியின் துணியை அவிழ்த்ததும் ரத்னத்தின் மூக்கு சுருங்கியது. எண்ணெய் தெளிந்து நிற்கவில்லை. ஓரத்தில் மெல்லிய நுரை.

"தண்ணி பட்டிருக்கு" என்றாள்.

போலம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற மங்கதாயாரு, வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதமானவள், பின்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"செவ்வாக்கிழம தலைக்குக் குளிச்சுட்டு வந்தவ யாரு? இவதான்!" என்றாள் போலம்மா. "அன்னிக்கே சொன்னேன், இவ பின்னல்ல ஒரு ஏரியே தேங்கி நிக்குதுன்னு."

"ஐயோ, காஞ்சிருந்துச்சுக்கா! வெயில்ல நின்னு காய வெச்சேன், மண்டையே வெடிச்சிருச்சு!"

"அப்ப ஜாடி தானா அழுதுச்சா?"

சத்தம் கேட்டு ரத்னத்தின் கணவர் வீரபத்ரம், மின்சார இலாகாவில் ஓய்வு பெற்றவர், வாசற்படிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"எதுக்கு இத்தன கலாட்டா? ரெண்டு பிடி உப்பு, ஒரு சேர் எண்ணெய். கலக்கி அனுப்பு. அது கெடறதுக்குள்ள பசங்க தின்னு முடிச்சிருவானுங்க. அமெரிக்காவுலேருந்து திரும்பி வந்தா சண்ட போடப் போறாங்க?"

ரத்னம் ஜாடியைப் பார்த்தபடி நின்றாள். மங்கதாயாருவின் பின்னலில் ஈரமில்லை என்று அவளுக்குத் தெரியும். அன்று அறைக்குள் விடுமுன் அவளே தொட்டுப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு கூடை மாங்காய் அவள் மடியில் இருந்தது. கையில் துணி இருந்தது. கண்ணை ஒரு நிமிஷம் மூடினாள். திறந்தபோது நிழல் சுவரேறியிருந்தது. கூடை நிறையத் துண்டுகள். துடைத்தோமா, இல்லையா? துடைத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததற்குக் காரணம் ஒன்றுதான்: இன்னொருமுறை துடைக்கக் கையில் உயிரில்லை. கூடையை அப்படியே இந்த ஜாடியில் கவிழ்த்தாள்.

யாரும் பார்க்கவில்லை. மங்கதாயாருவின் உதடு துடித்தது, இதோ அழப்போகிறாள். அழுதால் கண்ணீருக்கும் சேர்த்துப் பூண்டு.

"அவள விடுங்கடி" என்றாள் ரத்னம். "நான்தான். தூங்கிட்டேன். துடைக்காமக் கொட்டிட்டேன்."

"நீங்களா?" போலம்மாவின் குரல், சூரியன் மேற்கே உதித்ததுபோல ஏறியது.

"நான்தான். ஜாடிய எருக்குழியில கொட்டுங்க." கணவரிடம் திரும்பினாள். "ஏமண்டி, இந்த ஜாடிக்குச் சொன்ன மூணு வீட்டுக்கு இந்த வருஷம் இல்லன்னு சொல்லிட்டு வாங்க."

"லட்சுமிகாந்தம்மா வீட்டுக்குமா? அவ என்ன உப்புல போட்டு ஊற வெச்சிருவா!"

"துடைச்சுத்தான் போடுவா. போங்க."

பிறகு கரண்டியைப் போலம்மா கையில் வைத்தாள். வாசற்படி தாண்டி, பூண்டுக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதுகு சுவரைத் தொட்டதும் ஒரு முனகல் வந்தது. அது வலியா சுகமா என்று அவளுக்கே விளங்கவில்லை. வீரபத்ரம் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

நான்காவது ஜாடி தேறியது. ஐந்தாவதிலிருந்து போலம்மா ஒரு உருண்டைச் சோறோடு வாசலுக்கு வந்தாள். "உள்ள வரத்தான் கூடாது. வாயத் திறங்க."

ரத்னம் மென்றாள். கடுகு ஏறியிருந்தது. காரம் மெதுவாக வந்து காதைத் திருகியது.

"அருமையா இருக்குடி. கட்டிரு."

"ஓடில்லாத துண்டு ஒண்ணு கெடச்சுது" என்றாள் போலம்மா. "ஜாடியக் கவுத்து ஒவ்வொண்ணாப் பாக்கப் போறோம்."

"ஒரே ஒரு துண்டுதானே!"

சொன்னபின்தான் சொன்னது ரத்னத்தின் காதிலேயே விழுந்தது. மங்கதாயாரு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். போலம்மா இடுப்பில் கைவைத்து, ரத்னத்தை ஏற இறங்கப் பார்த்தாள். போன வருஷத்து நாற்பது நாளும் அவள் கண்ணில் வரிசையாக வந்து நின்றன.

"வெளிய இருக்கறவங்க பூண்ட மட்டும் பாருங்கக்கா" என்றுவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளைத்துணி உதறும் சத்தம் கேட்டது. பிறகு ஜாடி கவிழும் சத்தம். மணி பன்னிரண்டு. இன்னும் பதினைந்து ஜாடி இருந்தது. எதிர்த்துப் பேச ரத்னத்துக்குத் தெம்பில்லை. ஒரு பூண்டுப் பல்லை எடுத்து நகத்தால் கீறினாள். தோல் பாதி வந்தது. பாதியோடு கிண்ணத்தில் போடப் போனவள், உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு, பெருமூச்சோடு மீதியையும் உரித்தாள்.