பசை இல்லாத பட்டறை

"குடையை எடுத்துக்கங்க" என்றாள் மனைவி. "நான் என்ன சர்க்கரையா, கரைஞ்சு போக?" என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலிப் பட்டறைக்குக் கிளம்பினார். பதினோரு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

ஒரு மாதம் கழித்து அவளே பட்டறையைத் திறந்தாள். வேலைக்கு இருந்தவன், நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவன்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், சிறையிலிருந்து வந்த கையோடு அவர் சேர்த்துக்கொண்ட ஆள்.

அவளுக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். ஊரெல்லாம் மெத்தைத் துணியைப் பசை வைத்து ஒட்டும்போது இவர் மட்டும் ஏன் விரல் தேயத் தைக்கிறார்? கேட்டால், "பசைக்கும் எனக்கும் சம்பந்தி சண்டை" என்று மழுப்பிவிடுவார்.

இப்போது சினிமாக் கொட்டகைக்கு இருபது நாற்காலி, திங்கட்கிழமைக்குள் வேண்டும். தைத்தால் முடியாது. ஒரு டப்பா பசை வாங்கிவந்து மூடியைத் திறந்தாள். தைத்துக்கொண்டிருந்த நெட்டை, ஊசியைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று தெருவுக்குப் போய் நின்றான்.

"என்னப்பா, நான் முதலாளி ஆனது பிடிக்கலையா?"

"ஐயோ அக்கா! முதல்ல அதை மூடுங்க. அந்த வாசனையை மோந்து மோந்துதான் நான் கெட்டேன். அதுக்காகத்தான் கடையை உடைச்சு ஜெயிலுக்குப் போனேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"வந்த அன்னிக்கே சொல்லிட்டேன். அன்னிக்கே எல்லா டப்பாவையும் வெளியேத்திட்டாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. சொன்னா என்னை நோயாளி மாதிரி பாப்பீங்களாம்."

அவர் சரியான ஓட்டைவாய். பக்கத்து வீட்டுக் கல்யாணப் பேச்சைக்கூட வயிற்றில் வைத்திருக்கத் தெரியாது. அந்த மனுஷனா மூன்று வருஷம்? உடனே வீட்டுக்குப் போய் அவரோடு சண்டை போட வேண்டும் போலிருந்தது.

"எவ்வளவு தூரத்துல வச்சா உனக்கு ஒண்ணும் ஆகாது?" என்றாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவன் யோசித்தான். "தூரம் பெரிசில்லக்கா. இங்க இருக்குன்னு தெரிஞ்சாலே கை வேலையில நிக்காது."

திறந்த டப்பாவைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. "சும்மாவே வச்சுக்குங்க" என்று கடை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தாள். கொட்டகை மேலாளர் தொலைபேசியில் குதித்தார். பன்னிரண்டு நாற்காலியை வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். எட்டு மிஞ்சியது. நெட்டை உள்ளே வந்து உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள்.

இன்றும் அங்கே பசை கிடையாது; நாற்காலியின் ஒரு கைப்பிடிக்கு அறுபத்திரண்டு தையல்.