கூடின ரத்த ஓட்டம்

கதிர்ச் சிகிச்சை முடிந்து மூன்று மாதமாகியும் செல்வநாயகத்தின் தலைக்குள் இருந்த கட்டி படத்தில் முன்னையைவிடப் பெரிதாகவே தெரிந்தது. கதிர் பட்டுச் செத்த சதையும் வீங்குமாம், உயிரோடு வளரும் கட்டியும் பெரிதாகுமாம், சாதாரண எம்.ஆர்.ஐ.யில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்குமாம். எதுவென்று அறிய, ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கானுக்கு டொக்டர் கொழும்புக்கு அனுப்பினார்.

செத்ததாய் இருக்கவேண்டும் பிள்ளையாரே என்று மனைவி உதயகலா ரயிலில் போகும்போதும் வரும்போதும் வேண்டிக்கொண்டாள்.

டொக்டரைப் பார்க்க வியாழன்தான் நாள். அதுவரை பொறுக்கமாட்டாமல், ஞாயிற்றுக்கிழமையே ஆங்கில அறிக்கையை அடுத்த வீட்டுத் தங்கமுத்து ரீச்சரிடம் கொண்டு ஓடினாள். திரும்பி வரும்போது வாசல் படலையிலேயே கத்தினாள்.

"இஞ்சருங்கோ! கட்டி இருந்த இடத்திலை ரத்த ஓட்டம் நல்லாக் கூடியிருக்காம்!"

செல்வநாயகம் வெங்காயத் தோட்டத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"கூடவோ?"

"ஓம். நான் பீற்றூட் அவிச்சு அவிச்சுத் தந்தது வீண்போகேல்லை."

அவர் தோட்டத்திலிருந்து கண்ணை எடுத்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, "உம்மடை பீற்றூட்டாலை மூத்திரமும் எல்லே சிவந்துபோச்சு" என்றார்.

"சீ, உந்த வாய்!" உதயகலா விழுந்து விழுந்து சிரித்தாள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். நாலு நாளும் பீற்றூட் கறிதான். அவரும் சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை டொக்டர் அறிக்கையை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"செத்த சதைக்கு ரத்தம் இவ்வளவு ஓடாது அம்மா. கட்டி உயிரோடைதான் இருக்கு."

ஓட்டோவில் சுன்னாகத்துக்குத் திரும்பினார்கள். வீட்டு வாசலில்தான் கேட்டாள்.

"உங்களுக்கு அண்டைக்கே விளங்கினதோ?"

"இருபது வருசமாப் பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறுறீர். அழுகின பாத்தியிலை தண்ணி தேங்கி நிக்கும். உயிருள்ள பாத்திதானே இழுத்துக் குடிக்கும்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீர் சிரிச்சு எவ்வளவு காலம்" என்றார் அவர்.

மாசியில் அவர் போய்விட்டார். தோட்டத்துக்கு இப்போதும் உதயகலாதான் தண்ணீர் மாறுகிறாள். வாய்க்காலை வெட்டிவிட்டால் முன்பெல்லாம் பாத்தி நிறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள். இப்போது வரம்பில் போய், மற்றப் பக்கம் பார்த்து இருந்துவிடுகிறாள்.