அப்பாகிட்ட சொல்லு

"அந்தச் செம்பட்டைப் பூனை வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லுங்கம்மா" என்றேன். பூனைக் காப்பகத்துப் பெண் கையில் பூனையோடு என்னைப் பார்த்தாள். பிறகு என் கணவரைப் பார்த்தாள். அவர் எனக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருந்தார்.

"அவருக்கே கேட்டிருக்கும் மேடம்" என்றாள்.

அவருக்குக் கேட்கத்தான் செய்தது. கேட்டுவிட்டு அடுத்த கூண்டுக்கு நகர்ந்தார். அங்கேயும் ஒரு செம்பட்டைதான். மூன்று வாரமாக ஞாயிறுதோறும் இதே கூத்து. பினாயிலும் நனைந்த செய்தித்தாளும் நாறுகிற அந்த நடையில் மனிதர் செம்பட்டை நிறத்தைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார். நான் கறுப்பைக் காட்டினால், இருட்டில் மிதித்துவிடுவேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்வார். சாம்பலைக் காட்டினால் முழி சரியில்லை என்பார். செத்துப்போன எங்கள் செம்பட்டைப் பூனையே திரும்பி வரவேண்டும் அவருக்கு. கண்ணாடிக் கடையில் உடைந்த ஃபிரேமை நீட்டி இதே மாதிரி வேண்டும் என்று கேட்பவர்களிடம், "அந்த மாடல் இப்ப வர்றதில்ல சார்" என்று நாள் முழுக்கச் சொல்கிறவள் நான். வீட்டுக்காரரிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

எங்கள் பூனைக்கு மேனேஜர் என்று பெயர். வேலை எதுவும் செய்யாமல் செய்கிறவர்களையே வெறித்துக்கொண்டிருந்ததால் அவர்தான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். ஒருமுறை எதற்கோ பெரிய சண்டை வந்து நாங்கள் பேச்சை நிறுத்தியபோது கேஸ் தீர்ந்துபோனது. எத்தனை நாள் பட்டினி கிடப்பது? "மேனேஜர், அப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீர்ந்துபோச்சுன்னு" என்றேன். "மேனேஜர், அம்மாகிட்ட சொல்லு, சாயங்காலம் வந்துரும்னு" என்று கூடத்திலிருந்து பதில் வந்தது. சண்டை தீர்ந்துபோனது, அந்தப் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. சௌகரியமாக இருந்தது, அதுதான் காரணம். கோபத்தை மட்டுமா அப்படிச் சொன்னோம்? புதுப் புடவை கட்டிய அன்று, "அம்மா இன்னைக்கு யாரையோ மயக்கப் போறாங்க போல, என்னன்னு கேளு மேனேஜர்" என்பார். நேருக்கு நேர் அந்த மனிதருக்கு அப்படி ஒரு வார்த்தை வராது. எனக்கும்தான் வராது.

மேனேஜருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. கடைசி நாள் காலையில் அவர் லீவு போட்டுவிட்டு அதை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். நான் கடைக்குப் போனேன். எதுவாக இருந்தாலும் ஃபோன் வரும் என்று பின்னறையில் லென்ஸ் தேய்க்கும்போதுகூட ஃபோனை மடியிலேயே வைத்திருந்தேன். வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வாசலில் காலிக் கூடை இருந்தது. ஊசி போட்டு முடித்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு தடவை தொட்டுப் பார்க்க விடாமல்.

ஏன் என்று அவரைக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். ஆனால் எப்படிக் கேட்பேன்? கேட்பதற்கிருந்த ஆளையே முடித்துவிட்டு வந்து நிற்கிறார். அதற்கப்புறம் வீட்டில் அவர் நடக்கிற சத்தமும் நான் பாத்திரம் கழுவுகிற சத்தமும்தான். ஒருநாள் அவர் ஃப்ரிட்ஜைப் பார்த்து, "தயிர் இல்லையா?" என்று கேட்டார். நானும் ஃப்ரிட்ஜுக்கே பதில் சொன்னேன். சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசிக் கூண்டில் ஒரு வெள்ளைப் பூனை இருந்தது. நாங்கள் வந்தது தெரியாமல் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அந்தப் பெண் காலால் தரையைத் தட்டியதும் திரும்பிப் பார்த்தது. எழுந்து வந்து, கம்பி வழியே நீட்டிய அவர் விரலை முகர்ந்து, அதிலேயே கன்னத்தைத் தேய்த்தது. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் விரலில் கிரீஸ் வாசனை போகாது. அவர் செம்பட்டையைத் தேடி நகராமல் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அதைப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதே எரிச்சலாக இருந்தது.

"ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள் அந்தப் பெண். "இதுக்குப் பிறவியிலேயே காது கேக்காது. என்ன கூப்பிட்டாலும் வராது. அதனாலயே யாரும் எடுக்கல."

"நல்லதாப் போச்சு. எங்க வீட்டுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றேன்.

சொன்ன பிறகுதான் எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்பது உறைத்தது. அந்தப் பெண் கூண்டுச் சாவியைத் தேட ஆரம்பித்தாள். அவர் என் பக்கம் திரும்பவில்லை. கழுத்துப் பின்புறம் மட்டும் சிவந்திருந்தது. "இதையே எடுத்துக்கறோம்" என்று அவளிடம் சொன்னார்.

அவருடைய கம்பெனி வேனில் முன்சீட்டில் நான் உட்கார்ந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில், ஸ்பானர் பெட்டியின் மேல், பூனைக் கூடை. அவர் சாவியைப் போட்டார், திருப்பவில்லை. கூடையைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"அம்மாகிட்ட கேளு, வழியில பால் வாங்கணுமான்னு."

பால்! ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, பூனை கிடைத்ததும் முதலில் கேட்கத் தோன்றியது பால். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நானும் கூடைப் பக்கம் குனிந்தேன்.

"அப்பாகிட்ட கேளு. அன்னைக்கு ஏன் எனக்கு ஃபோன் பண்ணலன்னு."

பூனை முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. அது பாட்டுக்கு நக்கிக்கொண்டே இருந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதையே பார்த்தார், அது யாரிடமாவது போய்ச் சொல்லிவிடும் என்பதுபோல. பிறகு என்னைப் பார்த்தார். நேராக.

"மேனேஜரை ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டிருந்தேன்" என்றார். "நடுங்கிட்டே இருந்துச்சு. கையை எடுத்தா கத்துச்சு. உனக்கு ஃபோன் பண்ணணும்னா ஒரு கையை எடுக்கணும்."

"டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? அவர் பண்ணியிருக்க மாட்டாரா?"

"சொல்லியிருக்கலாம்."

"சாயங்காலம் வரைக்கும் ஃபோனை மடியில வச்சிட்டு உக்காந்திருந்தேங்க."

"தெரியும்."

"என்ன தெரியும் உங்களுக்கு? ஒண்ணும் தெரியாது!"

என் குரல் அந்தச் சின்ன வேனுக்குள் முட்டி மோதியது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூடைக்குள் நக்குவது நின்றிருந்தது. பூனை கம்பியோரம் வந்து உட்கார்ந்து, என் வாயையும் அவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.