பின்னட்டையில் ஒரு வரி

புத்தகம் அச்சேற இன்னும் நான்கு மணி நேரம். அதற்குள் பின்னட்டையில் ஒரு வரியை நீக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் செத்துப்போன ஒருத்திக்காக இனி எந்தக் காலத்திலும் யாரும் நினைவு நாள் விளக்கேற்ற மாட்டார்கள். கிழவி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

ஜெர்மனியிலிருந்து வந்திருந்த பதிப்பாசிரியை உர்சுலா வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். இருமும் சத்தம் கேட்டது. மணி இரண்டு. நாஜிகளுக்குத் தப்பி பெர்லினிலிருந்து இஸ்ரேலின் ஹைஃபாவுக்கு வந்த யூதர்கள் இரண்டிலிருந்து நான்குவரை யார் வீட்டு மணியையும் அடிக்க மாட்டார்கள். கதவையும் திறக்க மாட்டார்கள். பகல் தூக்க நேரம். உர்சுலாவுக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். கிழவி தாழ்ப்பாளில் கை வைத்தாள், எடுத்தாள். நாற்பத்தைந்து வருடப் பழக்கம். பயமும்தான்.

நான்கு அடித்ததும் உர்சுலாவோடு எதிர்வீட்டு ஸில்லியும் பிளம்ஸ் கேக்கோடு நுழைந்தாள். தனியாகச் சொல்ல இருந்த வாய்ப்பும் போயிற்று.

"நம்ம தெக்லாவா எழுத்தாளர்? நல்லா இருக்கே! என் பையன் கல்யாணத்துக்கு நாலு வரி வாழ்த்து கேட்டா, 'நீயே எழுதிக்கோ ஸில்லி'ன்னு என் தலையில கட்டினவங்களாச்சே!"

"நாஜிக்காரங்க எரிச்ச நாவல் இது," என்றாள் உர்சுலா. "ஒரே ஒரு பிரதி, பள்ளிக்கூட நிலவறையில கெடச்சுது. பேரை வெச்சுத் தேடிப் பாத்தா, நீங்க உயிரோட இருக்கீங்க! அன்னிக்குத் தூக்கமே வரல. அப்புறம் ஏம்மா எதுவும் எழுதல?"

"நேரமில்ல."

"நாப்பத்தஞ்சு வருஷமாவா?" ஸில்லி சிரித்தாள்.

கிழவி கேக் தட்டைத் தள்ளி வைத்தாள். தெக்லா என்ற பெயரில்தான் கப்பலேறினாள். அந்தப் பெயரில்தான் கல்யாணம் செய்தாள், மகனைப் பெற்றாள். அவனுக்கும் தெரியாது.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் உர்சுலா தொலைபேசியில் அச்சகத்தைப் பிடித்தாள். வாய்க்குழலைக் கையால் மூடிக்கொண்டு படித்தாள். "'ஆசிரியர் ஹைஃபாவில் வசிக்கிறார்.' போட்டுடச் சொல்லவா அம்மா?"

"வேணாம்."

"ஏன்? தப்பா இருக்கா?"

ஸில்லி கரண்டியை வைத்தாள். கிழவி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"விசா ஒண்ணுதான் வந்துச்சு, அவ பேருக்கு. அதை எங்கிட்ட குடுத்து என்னைக் கப்பலேத்திட்டு, அம்மாகூட அங்கயே இருந்துட்டா. ரெண்டு பேரையும் ரயில்ல ஏத்திக் கொலை முகாமுக்குக் கொண்டுபோனாங்க. தெக்லா என் அக்கா. நான் ஹெர்த்தா."